ஆர்ச்சு வரைக்கும் எல்லை

கொம்பைமேட்டில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அறுக்கிற வரைக்கும் ஊருக்குள் ஒருவரும் சாகக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் எமனிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆனால் எமன் யார் பேச்சையும் கேட்கமாட்டான் என்பது அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. அதனால் ஒரு வழி வைத்திருந்தார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிறவரைக் கட்டிலோடு தூக்கி, எல்லைக்கல்லைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிடுவது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையில் அதற்கென்று ஒரு கொட்டகை இருந்தது. வீட்டு ஆள் ஒருவர் துணைக்கு இருப்பார். ஊரிலிருந்து கஞ்சி போகும், கம்பளி போகும், வெந்நீர் போகும். உயிர் அங்கே பிரிந்தால் ஆத்தாளுக்குத் தீட்டு இல்லை. காப்பு அறுத்தபிறகு அங்கிருந்தே சுடுகாட்டுக்கு எடுத்துவிடுவார்கள். பிழைத்துக்கொண்டவர்களும் உண்டு, அவர்கள் தாராளமாகத் திரும்பி வரலாம். ஆனால் வெளியே போய்ச் செத்த உடம்பைக் காப்பு இருக்கும்போது உள்ளே கொண்டுவரக் கூடாது. அது மட்டும் கண்டிப்பு.

மீறி உள்ளேயே உயிர் போய்விட்டால் கரகத்தை இறக்கிவிடுவார்கள். முளைப்பாரியைக் கொட்டிவிடுவார்கள். அந்த வருசத்துத் திருவிழா அவ்வளவுதான். அந்த வீட்டில் மூன்று வருசத்துக்குக் கோயில் வரி வாங்க மாட்டார்கள். வரி வாங்காத வீடு ஊரில் இருந்தும் இல்லாத வீடு. நல்லது கெட்டதுக்கு ஒரு நாய்கூடப் படியேறாது.

அடுத்த வீட்டுக் கதையாக இருந்தவரைக்கும் ராஜகுமாரிக்கும் இதெல்லாம் நியாயமாகத்தான் பட்டது. இப்போது அவள் புருசன் கந்தவேல் கிடக்கிறான்.

பூண்டும் கேரட்டும் போட்டுப் பிழைக்கிற வீடு. போன தையில் ஆரம்பித்த இருமல் மாசியில் ரத்தமாக வந்தது. நுரையீரலில் கட்டி என்றார்கள். மலையிறங்கி, பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து, இனி வைத்துக்கொண்டு பிரயோசனமில்லை, வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஐம்பது வயசுகூட நிறையாத மனுசன், மூங்கில் தட்டிபோலத் திரும்பி வந்தான். குழாயும் ஊசியுமாக இனி ஒரு ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவிடாதே என்று வழியெல்லாம் பெண்டாட்டியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டே வந்தான். அவளும் செய்துகொடுத்தாள். வேறு எதைத்தான் அவளால் கொடுக்க முடிந்தது?

இதற்கிடையில் ஊரும் மாறிவிட்டது. அதைச் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

கொம்பைமேட்டுக்கும் கொடைக்கானல் டவுனுக்கும் நடுவில் ஒரு காலத்தில் தைலமரக் காடு இருந்தது. பொழுது சாய்ந்தால் ரோட்டில் காட்டுமாடு நிற்கும். ஒற்றை ஆள் நடக்கமாட்டான். டவுன் எப்போது கிளம்பி இந்தப் பக்கம் வந்தது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. முதலில் ஒரு பங்களா. அந்த பங்களாவுக்குப் பால் ஊற்றப் போனவர் பக்கத்திலேயே டீக்கடை போட்டார். டீக்கடைக்குப் பின்னால் நாலு காட்டேஜ். டவுன் இப்படி மேலேறி வர, ஊரும் சும்மா இருக்கவில்லை. ரோட்டோரம் நிலம் வைத்திருந்தவர்கள் ஒரு ரூம், ரெண்டு ரூம் என்று கட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டே டவுனைப் பார்க்க இறங்கினார்கள். ரெண்டும் நடுவழியில் முட்டிக்கொண்டன. அதற்கப்புறம்தான் அரசாங்கம் வந்து பார்த்து, ரெண்டும் ஒரே ஊர் என்று எழுதியது. ஊராட்சி போய் நகராட்சி ஆனது. நூறுநாள் வேலை நின்றது, வீட்டு வரி ஏறியது, தெருவிளக்கு எரிந்தது. விளக்கு எரிந்ததை மட்டும் எல்லாரும் வாயாரச் சொன்னார்கள்.

திருவிழாவுக்கான ஊர்க்கூட்டம் பங்குனியில் நடந்தது. காட்டேஜ்காரர்கள் எல்லாரும் கோயில் வரி தர முன்வந்திருந்தார்கள்; அவர்கள் வாசலிலும் வேப்பிலைத் தோரணம் கட்ட வேண்டும், அவர்களுக்கும் காப்புக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். எல்லைத் தோரணம் எப்போதும் பாலத்துக் கல்லில்தான் கட்டுவது. அதைத் தாண்டிக் கட்டலாமா என்று ஊர்த்தலைவர், பெரியதனம் சேனாதிபதி யோசித்துக்கொண்டிருந்தபோது, மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால், இருமலோடு எழுந்து நின்று பேசியது யார் தெரியுமா? இதே கந்தவேல்தான்.

“வரி குடுக்குறவன் ஊர்க்காரன்தானப்பா? ஊர்க்காரன எல்லைக்கு வெளிய நிப்பாட்டி வச்சா அது மொறையா? கொண்டுபோயி டவுன் ஆர்ச்சுல கட்டுங்க தோரணத்த. நம்ம ஊரு பெருசாயிருச்சுன்னு ஆத்தாளுக்கும் தெரியட்டும்.”

எல்லாரும் கைதட்டினார்கள். கல்லில் கட்டுகிற தோரணம், டவுன் வாசலில் ரோட்டுக்குக் குறுக்கே வளைந்து நிற்கிற ஆர்ச்சுக்குப் போனது. ஆர்ச்சுக்கு அந்தப் பக்கம் டவுனின் பள்ளத்துத்தெரு. அவர்களுக்கும் ஒரு மாரியம்மன் உண்டு. முன்பெல்லாம் அவர்கள் திருவிழா வேறு மாதத்தில் வரும். ஒரே நகராட்சி ஆனபிறகு ரெண்டையும் ஒரே வாரத்தில் வைத்தால் பந்தோபஸ்துக்கு வசதி என்று மேலேயிருந்து சொல்ல, ரெண்டு பக்கமும் சரி என்றுவிட்டார்கள். ஆர்ச்சின் இந்தத் தூணில் கொம்பைமேட்டுத் தோரணம், அந்தத் தூணில் பள்ளத்துத்தெருத் தோரணம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாகக் கிடக்கிறவனை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கைதட்டுகிற நேரத்தில் சாவு யாருக்கு ஞாபகம் வரும்?

வைகாசி பிறந்து, திருவிழாவின் கடைசி நாளும் வந்துவிட்டது. அன்றைக்குப் பொழுது சாயக் கரகத்தை ஓடையில் விட்டுவிட்டுக் காப்பை அறுப்பார்கள். அதுவரைக்கும் இவர் மூச்சைப் பிடித்து வை ஆத்தா, அப்புறம் உன் இஷ்டம் என்று ராஜகுமாரி ஒவ்வொரு நாளும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வெள்ளனே எழுந்து, பூண்டுக் காட்டில் ஒரு பாத்தி களை பிடுங்கிவிட்டு வந்து கஞ்சியை ஊட்ட உட்கார்ந்தாள். புருசன் சாகக் கிடக்கிறான் என்று களை முளைக்காமல் இருக்குமா? ரெண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது.

“சேனாதியக் கூப்புடு புள்ள,” என்றான் கந்தவேல். “பொழுது சாயந்தட்டியும் தாங்காது எனக்கு.”

அவள் காதில் வாங்காத மாதிரி வாயைத் துடைத்துவிட்டாள். அவன் மறுபடியும் சொன்னான். மூன்றாம் முறை சொல்ல மூச்சு இல்லாமல் கையை மட்டும் ஆட்டினான். அதைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்து போனாள்.

சேனாதிபதிக்குக் கந்தவேல் மாமன் மகன், ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக ஓடிப்போனவர்கள். கரகம் எடுக்கிற விரதத்தில் இருந்த மனுசன் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து கட்டிலோரம் நின்றார். கந்தவேல்தான் பேசினான்.

“மாப்ள, என்னயத் தூக்கிரு. என்னால ஆத்தா திருவிழா நின்னுபோச்சுன்னு ஒரு பேச்சு வந்துறக் கூடாது. ராக்காயி புருசன நாந்தான தூக்குனேன்? அந்தாளு வேணாம் வேணாம்னு கையப் பிடிச்சாரு. நான் கேக்கல. எனக்குன்னா மட்டும் வேற நாயமா?”

“எங்கிட்டுத் தூக்க மாப்ள?” என்றார் சேனாதிபதி. “கொட்டக இருந்த எடத்துல காட்டேஜு கெடக்கு. அதுவும் இப்ப எல்லைக்கு உள்ள.”

“ஆர்ச்சுக்கு அங்கிட்டு.”

ராஜகுமாரி அதுவரைக்கும் சுவரோடு நின்றிருந்தாள். புருசன் முன்னால் சேனாதிபதியிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை அவள். அன்றைக்குப் பேசினாள். “அங்கிட்டு என்ன இருக்குன்னு சொல்லுங்கண்ணே. ரோட்டுலயா போடச் சொல்றீக? ஊரப் பெருசாக்குனீகளே எல்லாருமாச் சேந்து, சாகுறதுக்கு ஒரு எடம் விட்டீகளா?”

பெருசாக்கச் சொன்னவன் கட்டிலில் கிடக்கிறான்.

கடைசியில் அவன் பிடிவாதம்தான் ஜெயித்தது. அண்ணன் மகன் மனோஜ்குமார் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். பின்சீட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டான். பக்கத்து வீட்டு ராக்காயி, எந்தப் புருசனைக் கந்தவேல் தூக்கினானோ அவர் பெண்டாட்டி, ஒரு பிளாஸ்கில் கஞ்சியும் தன் வீட்டுக் கம்பளியும் கொண்டுவந்து கொடுத்தாள். விரதக்காரர் எல்லை தாண்டக் கூடாது என்பதால் சேனாதிபதி வாசலோடு நின்றுகொண்டார். ராஜகுமாரி புருசன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்புக்கு வழிவிட ஒரு நிமிசம் நிறுத்தி, மறுபடியும் அடித்தார்கள்.

பாலத்தைத் தாண்டியதும் கந்தவேல், “இங்கனதான?” என்றான். இங்கேதான். கொட்டகை இருந்த ஓடைக்கரையில் கண்ணாடி வைத்த மர வீடுகள், நடுவில் ராத்திரி தீ மூட்டி ஆடக் கல்வட்டம். ஊரார் சாவதற்குப் படுத்த இடத்தில் வெளியூரார் காசு கொடுத்துப் படுக்கிறார்கள். ராஜகுமாரிக்குத் திடீரென்று ஒரு ஆசை வந்தது. எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ, பழைய இடம் பழைய இடம்தானே, ஆத்தாளுக்குத் தெரியாதா? வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனாள்.

மேனேஜர் ராஜமுருகன் பழனிக்காரன், நல்ல மாதிரி. ஒரு மூலையில், மரத்தடியில், சாயங்காலம் வரைக்கும் என்று அவள் கேட்டபோது அவன் முகம் செத்துவிட்டது. சீசன் டைம், எல்லா ரூமிலும் கெஸ்ட், குழந்தைகள் இருக்கிறார்கள், ஓனருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு மணிக்கட்டை நீட்டினான். மஞ்சள் கயிறு.

“அதவிட, நானே காப்புக் கட்டியிருக்கேங்க. உங்க ஊரு ஆளுங்கதான் வந்து கட்டிவிட்டுட்டு, இங்க ஒரு உசுரும் போகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் என்னங்க பண்றது?”

அவளால் அவனைத் திட்டக்கூட முடியவில்லை. ஒரு பாட்டில் வெந்நீர் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்தாள்.

அங்கிருந்து ஆர்ச்சு வரைக்கும் ரோட்டின் ரெண்டு பக்கமும் தோரணம். ஒரு வீடு விட்டு ஒரு வீடு சீரியல் பல்பு. வேப்பிலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயாவது ஒரு வெற்றிடம், ஒரு புதர், பத்து தைலமரம் நிற்கிற ஒரு சரிவு கண்ணில் படாதா என்று அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு இடம் தெரிந்தது. கிட்டே போனால் மனை விற்பனைக்கு என்று பலகை நட்டு, அதிலும் தோரணம் கட்டியிருந்தார்கள். கொம்பைமேட்டு ஆட்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்தால் மிச்சம் வைக்க மாட்டார்கள்.

ஆர்ச்சு வந்தது. அதற்குக் கீழே பள்ளத்துத்தெருத் திருவிழாக் கமிட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அவர்கள் தலைவர் பொன்னுச்சாமி ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தவுடனே விசயத்தைப் புரிந்துகொண்டார். அவர்களுக்கும் அதே சட்டம்தானே. மனோஜ்குமார் கையெடுத்துக் கும்பிட்டான். பொன்னுச்சாமி கோபப்படவில்லை, பதறினார்.

“உசுரோட எங்க எல்லையக் கடந்து போறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. ஆனா எங்கயும் நிக்கக் கூடாது. டவுனத் தாண்டி மலையெறங்குற ரோட்டுக்கு வெரசாப் போயிருங்க. இல்ல, பெரிய ரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. ஆஸ்பத்திரி எந்தச் சாமி கணக்குலயும் வராது.”

ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்ததும் கந்தவேலின் விரல்கள் அவள் சேலையைப் பிடித்தன. சத்தியம் வாங்கிய கை. அவள் அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மனோஜ்குமாரைப் பார்த்துத் தலையாட்டினாள். ஆஸ்பத்திரிக்கே போ. சத்தியத்தை மீறினால் மீறினதாக இருக்கட்டும், வேறு கதி?

ஆனால் போக வேண்டுமே. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ரூமைக் காலி செய்துவிட்டு மலையிறங்குகிற வண்டிகள் ஆர்ச்சிலிருந்து டவுன் வரைக்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஜீப் ஆர்ச்சுக்குக் கீழே பாதி நுழைந்தது, நின்றது. முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு பஸ். ஏறி வருகிற பக்கம் ரோடு காலியாகக் கிடந்தது. இறங்குகிற பக்கம் எறும்புகூட நகரவில்லை. மனோஜ்குமார் ஹாரனை அடித்தான். முன்னாலிருந்த வேன்காரர் திரும்பிப் பார்த்து, எல்லாருக்கும்தான் அவசரம் என்றார்.

வானம் கறுத்தது. மலையில் வைகாசி மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. முதலில் மூடுபனி, பிறகு பட்பட்டென்று ஆலங்கட்டி. ஜீப்பின் தார்ப்பாயில் கல்லெறிகிற மாதிரி விழுந்தது. பக்கத்துக் கார்களில் பிள்ளைகள் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டி ஆலங்கட்டி பிடித்துச் சிரித்தார்கள். ராஜகுமாரி ராக்காயியின் கம்பளியை இழுத்து அவன் கழுத்து வரைக்கும் மூடினாள். மூச்சு இப்போது நெஞ்சில் இல்லை. தொண்டைக்குழியில் மட்டும் துடித்தது. ஒரு மனுசனுக்குச் சாக இடமில்லாமல் போகுமா? பிறக்க இடம் கொடுத்த பூமிதானே? இப்படி நடுரோட்டில், கார்களுக்கு நடுவில் விடவா இத்தனை வருசம் இந்த ஆளோடு மண்ணைக் கிண்டினேன்?

கந்தவேல் கண்ணைத் திறந்தான்.

“எல்ல தாண்டியாச்சா?”

அவள் எட்டிப் பார்த்தாள். முன்சக்கரம் பள்ளத்துத்தெருவில் நின்றது. பின்சக்கரம் கொம்பைமேட்டில் நின்றது. அவன் தலைக்கு நேர்மேலே ரெண்டு ஊர்த் தோரணமும் ஒன்றோடொன்று பின்னி நனைந்துகொண்டிருந்தன.

“தாண்டியாச்சுங்க,” என்றாள்.

“பூண்டுக்குக் கள எடுத்தியா?”

“மேப்பாத்தி எடுத்துட்டேன். கீழ்ப்பாத்தி நாளைக்கு எடுத்துருவேன்.”

அவன் சரி என்கிற மாதிரி இமையை மூடினான். தொண்டைக்குழி இன்னும் கொஞ்ச நேரம் துடித்தது. பிறகு நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடியும் துடிக்கும் என்று பார்த்தாள். ஆலங்கட்டி நின்று வெறும் மழை ஆகிற வரைக்கும் பார்த்தாள்.

அலறல் நெஞ்சிலிருந்து கிளம்பி வாய்க்கு வந்தது. வாயில் சேலையைத் திணித்துக்கொண்டாள். அழுதால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பொன்னுச்சாமி ஓடி வருவார். கொம்பைமேட்டிலிருந்தும் ஓடி வருவார்கள். சக்கரத்தைப் பார்த்து, தூணைப் பார்த்து, இது உன் ஊர்ச் சாவு, உன் ஊர்ச் சாவு என்று அடித்துக்கொள்வார்கள். ரெண்டு ஊரும் உள்ளே விடாது. உடம்பை டவுன் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் வைத்து, தெரியாத ஆட்கள் தூக்கி, தெரியாத அடுப்பில் எரிப்பார்கள். உயிரோடு இருக்கிறவன் எல்லைக்குள் வரலாம். செத்தவன் வரக் கூடாது.

அவன் மப்ளரை எடுத்தாள். குளிருக்குக் கட்டுகிற மாதிரி, தாடையைச் சேர்த்துத் தலையோடு இறுக்கிக் கட்டினாள். கண் நன்றாக மூடியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“மனோசு, வண்டியத் திருப்பு.”

அவன் கண்ணாடியில் பார்த்தான். “சித்தி... சித்தப்பா...”

“அவுக அசந்து தூங்குறாக. வீட்டுக்குப் போவோம். திருப்புடா.”

அவன் உதடு கோணியது. காலியாகக் கிடந்த ஏற்றப் பக்கத்துக்கு வண்டியை ஒடித்துத் திருப்பினான். பொன்னுச்சாமி குடையோடு ஓடிவந்து என்னவென்று கேட்டார். கொஞ்சம் தேவலை, கண் முழித்துப் பேசினார், அதனால் திரும்பிப் போகிறோம் என்று மனோஜ்குமாரே சொன்னான். ஆத்தா புண்ணியம் என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ராஜகுமாரி புருசன் தலையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆத்தாளை ஏமாற்றுகிறேன், என் கண்ணை அவிக்கட்டும், கையைக் காலை முடக்கட்டும், ஆனால் நாளைக்கு, இன்றைக்கு வேண்டாம் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாள்.

பாலத்தில் ஊரே நின்றது. கரகத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த கூட்டம், முளைப்பாரிப் பெண்கள், மேளம், எல்லாம் ரோட்டை அடைத்து. ஜீப் நிற்க வேண்டியதாயிற்று. என்னாச்சு, என்னாச்சு என்று சுற்றிக்கொண்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சேனாதிபதி பின்பக்கம் வந்தார்.

“ஏன் தங்கச்சி திரும்பிட்டீக?”

“எடம் கெடைக்கலண்ணே. அவுக தூங்குறாக. வீட்டுலயே கெடக்கட்டும்னு கூட்டியாந்துட்டேன்.”

சேனாதிபதி கந்தவேலின் முகத்தைப் பார்த்தார். மப்ளர் முடிச்சைப் பார்த்தார். கையை உள்ளே நீட்டி, கம்பளிக்கு வெளியே தெரிந்த பாதத்தின் மேல் வைத்தார். கரகத்துக்கு விரதம் இருந்த கை. வைத்த கையை அவர் எடுக்கவில்லை. ராஜகுமாரி அவர் கண்ணையே பார்த்தாள். கெஞ்சக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. ஊர்ச்சட்டம் முழுவதும் இப்போது இந்த ஒரு மனுசன் வாயில் இருந்தது.

அவர் கம்பளியை இழுத்துப் பாதத்தை மூடினார்.

“குளுருது அவனுக்கு,” என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “நல்லா இழுத்துப் போத்து தங்கச்சி. ஏலே, வழிய விடுங்கடா. ஒடம்புக்கு முடியாதவன வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிக்கிறது?”

வழிவிட்டார்கள்.

வீட்டில் அதே கட்டிலில் கிடத்தினார்கள். மனோஜ்குமார் வாசலில் காவல்காரன் மாதிரி உட்கார்ந்துகொண்டான். மகள் பிரியா, கட்டிக்கொடுத்த ஊரான பாச்சலூரில் மாசமாக இருக்கிறாள். வயிறும் பிள்ளையுமாக இந்த ரோட்டில் வராதே என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவள் போன் செய்தாள். காலையிலிருந்து எத்தனை தடவை அடித்திருக்கிறேன், ஏன் எடுக்கவில்லை, அப்பாவிடம் கொடு என்றாள். ராஜகுமாரி போனை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் போனாள். அதைக் கந்தவேலின் காதோடு ஒட்டி வைத்தாள்.

“பேசு தாயி,” என்றாள். “அப்பாவால பதில் சொல்ல முடியல. நீ பேசு.”

பிள்ளை உதைக்கிறது, பையன்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள், மழை இங்கேயும் கொட்டுகிறது, மாத்திரையை மறக்காமல் சாப்பிடுங்கப்பா என்று பிரியாவின் குரல் பொடிப்பொடியாகக் கேட்டது. அவள் பேசி முடிக்கிற வரைக்கும் ராஜகுமாரி போனை அவன் காதிலிருந்து எடுக்கவில்லை.

முளைப்பாரியை இறக்கிவைத்துவிட்டு ராக்காயி வந்தாள். உள்ளே ஒரு அடி வைத்தவள் அப்படியே நின்றாள். அவளுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராஜகுமாரிக்குப் பயம் வந்துவிட்டது. இவள் புருசன் கையைப் பிடித்துக் கெஞ்சக் கெஞ்சத் தூக்கிய ஆள்தானே இப்போது வீட்டுக்குள், தன் கட்டிலில், கிடக்கிறான். இவள் வாசலுக்குப் போய் ஒரு குரல் கொடுத்தால் போதும். நியாயமும் அவள் பக்கம்தான்.

ராக்காயி கதவைச் சாத்தினாள். வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தலையை இழுத்துத் தன் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“இங்கன கடிச்சுக்க,” என்றாள், சேலையைச் சுருட்டி வாயில் வைத்து. “கொஞ்ச நேரந்தான்.”

கரகம் தெருவில் வந்தது. வீடு வீடாக நின்று வந்த சாமி இந்த வாசலிலும் நின்றது. ராஜகுமாரி எழுந்து, முகத்தைத் துடைத்து, தட்டில் தேங்காய் பழத்தோடு போனாள். கரகத்துக்குக் கீழே சேனாதிபதியின் முகம் மஞ்சளும் வேர்வையுமாக இருந்தது. ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பூசாரி திருநீறு கொடுத்து, வீட்டுக்காரருக்கும் பூசிவிடு என்றார். அவள் உள்ளே போய்ப் பூசினாள். நெற்றி ஓடைக்கல் மாதிரி இருந்தது.

மேளம் ஓடையை நோக்கி இறங்கியது. சத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் குலவை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பொழுது சாய்ந்துவிட்டது. ஊர் முழுக்கக் காப்பை அறுத்துக்கொண்டிருக்கும்.

கதவைத் தட்டிவிட்டு சேனாதிபதி மட்டும் உள்ளே வந்தார். வேட்டியெல்லாம் ஓடைத் தண்ணீர். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றார். மஞ்சள் கயிறு இருந்த மணிக்கட்டில் இப்போது ஒன்றும் இல்லை.

“காப்ப அறுத்தாச்சு தங்கச்சி. இனிமே அழுதுக்க.”

ராஜகுமாரிக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு நேரம் அடக்கிய அழுகை எங்கே போனது என்றே தெரியவில்லை. அவள் கேட்டாள், “எந்த ஊருல போனாருன்னு கேப்பாகளேண்ணே. பிரியா கேப்பா. நாளைக்கு ஊரு கேக்கும். நான் என்னன்னு சொல்ல?”

சேனாதிபதி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“வீட்டுலன்னு சொல்லு,” என்றார். “காப்பறுத்தப்புறம், தன் கட்டுல்ல கெடந்து, ஒம் மடியில போனான்னு சொல்லு. நான் பக்கத்துல இருந்தேன்னு நான் சொல்றேன்.”

அப்போதுதான் அவள் அழுதாள். ராக்காயி எழுந்து கதவை முழுசாகத் திறந்துவைத்தாள்.